தாழைநங்கைக்கு வந்த தீர்ப்பு

“இந்தப் படலத்தை நான் எழுத மாட்டனுங்க, தாயி.”

செங்கோடர் எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்.

அறுபதை நெருங்கும் ஆள். மடத்துக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் தன் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொன்னவர். காவி உடுத்தியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இரண்டு காக்கைகள் சண்டை போட்டால்கூட எது முதலில் கொத்தியது என்று விசாரிப்பார்.

குரு அழகம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். காவிரிக்கரையில் இருந்த அந்த மடத்துக்கு அவர்தான் தலைவி. பேச்சு குறைவு.

“என்ன ஆச்சுங்க, செங்கோடரே?”

“அநியாயமுங்க!”

மடத்தில் இருந்தது ஒரே ஒரு கதை ஏடு. வேங்கைவனக் கதை. புரட்டாசியில் பத்து நாள், காலை வேளையில், முற்றத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்ச் சனம் கேட்க வரும். ஏடு இப்போது செல்லரித்துப் போயிருந்தது. இப்படி ஆனால் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். செங்கோடருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் வேலை அவரிடம் வந்தது. நான்கு படலம் ஓடிவிட்டது. ஐந்தாவதில் நின்றுகொண்டார்.

“செத்துப்போன அண்ணனோட மோதிரத்தைக் கொண்டாந்து காட்டி, ‘சாகறப்ப நாட்டை எனக்குத்தான் குடுத்தான்’னு அடலன் பொய் சொல்றானுங்க. அண்ணன் பொண்டாட்டி தாழைநங்கை சபையில வந்து நிக்கறா. அங்க இருக்கற அஞ்சு பெரியவங்களுக்கும் அது பொய்யின்னு தெரியும். ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கேக்கறா. அஞ்சு பேரும் மண்ணைப் பாக்கறாங்க. கைப்பிள்ளையோட அவளை மழையில தொரத்தறான். ஒருத்தரும் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னு பறையடிக்கறான். பத்தொம்பது பாட்டுங்க! ஒரு பாட்டுலயாவது ஒருத்தன் வாயைத் தெறக்கறானா?”

“இல்லீங்க.”

“அந்தப் பாவி கடைசி வரைக்கும் நல்லாத்தான் வாழறான்.”

“ஆமாங்க.”

“இதை எழுதி வெச்சு யாருக்கு என்ன நல்லது?”

அழகம்மை குனிந்து எழுத்தாணியை எடுத்தார். அதை அவர் கையில் கொடுத்தார். பிறகு அவரைக்காய்ப் பந்தலுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

செங்கோடர் அதை, மாற்றி எழுத உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

பழைய பத்தொன்பது பாட்டையும் ஒதுக்கிவிட்டுத் தானே புதிதாகப் பத்தொன்பது கட்டினார். முதல் பாட்டிலேயே ஒரு பெரியவர் எழுந்து, “அடலா, நீ சொல்வது பொய்” என்றார். மற்ற நால்வரும் அவரோடு எழுந்துகொண்டார்கள். தாழைநங்கை அரியணை ஏறினாள். அடலனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றினார்கள்.

கழுதைக்கு மட்டும் மூன்று பாட்டு. எழுதி முடித்த அன்றைக்கு அவருக்கு நல்ல பசி. நிறைய சாப்பிட்டார்.

மீதிப் படலங்களையும் படியெடுத்து முடித்தார். ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர். பழைய ஏட்டைக் கூடையில் வைத்துப் பூச்சூட்டியிருந்தார்கள்.

“விட்டுரலாமுங்களா?” என்று அழகம்மை ஒரே ஒரு தடவை கேட்டார்.

“விட்டுரலாமுங்க” என்றார் செங்கோடர்.

பழைய ஐந்தாம் படலம் காவிரியோடு போயிற்று.

புரட்டாசியில் வாசிப்பு தொடங்கியது. முன்பு வாசித்தவர் காலமாகிவிட்டதால் அந்த வருஷம் செங்கோடரே வாசித்தார். ஐந்தாம் நாள் முற்றம் நிறைந்திருந்தது. பெண்கள் முந்தானையைக் கையில் பிடித்தபடி, அழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

கதையில் பெரியவர் எழுந்து, “நீ சொல்வது பொய்” என்றதும் சனம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. கழுதை வந்தபோது கை தட்டினார்கள்.

“நாமெல்லாம் இத்தனை வருசமாப் புழு தின்ன ஓலையைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கறோம்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்.

செங்கோடருக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முற்றம் காலியானது. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்திருக்காமல் இருந்தாள். ஆடு மேய்க்கிற பாவாயி. ஐம்பது வயது இருக்கும்.

“கதை முடிஞ்சுது, அம்மணி.”

“ஏனுங்க சாமி, அந்த அஞ்சு பேரும் எந்திரிச்சாங்களா?”

“எந்திரிச்சாங்க.”

“எங்கூர்ல எந்திரிக்கலீங்க.”

செங்கோடர் ஏட்டைக் கட்டுவதை நிறுத்தினார்.

“எங்க ஊட்டுக்காரரு செத்தப்ப, ‘வெள்ளாமைக் காட்டை எனக்குக் குடுக்கறதாச் சொல்லிட்டுத்தான் உசுரை விட்டான்’னு கொழுந்தன் சொன்னானுங்க. பொய்யின்னு அஞ்சு பெரியவங்களுக்கும் தெரியும். நானும் ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கேட்டேன்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னுங்க. ஆடு மேய்ச்சேன். பையனை ஆளாக்கினேன். பேத்தி பொறந்துட்டா. நல்லாத்தான் இருக்கறனுங்க.”

அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. அதுதான் அவரை என்னவோ செய்தது.

“வருசத்துல இந்த ஒரு நாள் மட்டும் ஆட்டைப் பட்டியில அடைச்சுட்டு இங்க வந்துருவேன். தாழைநங்கை பேர் சொல்லிக் கேக்கற எடத்துல சனம் பூராவும் அழுகும். எங்கூர்க்காரங்களும் அழுவாங்க. அந்த அஞ்சு பேர்ல ரண்டு பேரு இன்னும் உசுரோட இருக்கறாங்க. அவங்களும் வந்து அழுவாங்க. நான் முன்வரிசை நடுவால உக்காந்துக்குவேன். எனக்குத்தான் அழுகறாங்கன்னு நெனச்சுக்குவேன்.”

“அம்மணி...”

“இன்னிக்கு அவங்க ரண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க, சாமி.”

இருபத்தாறு வருஷத்தில் செங்கோடர் சொன்ன தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை. இன்று பாவாயி மறுத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவரைக்காய்ப் பந்தலுக்கு ஓடினார்.

“தாயி, தப்புப் பண்ணிட்டனுங்க. ஏடு ஆத்தோட போயிருச்சே!”

அழகம்மை காய் பறித்துக்கொண்டிருந்தார்.

“ஓலைதானுங்க போச்சு.”

“எனக்குப் பத்தொம்பதுல நாலு பாட்டுகூட நெனப்பில்லீங்க.”

“பாவாயி இருபது வருசமா முன்வரிசையில உக்காந்திருக்கறா. வாசிக்கறப்ப அவ உதடு அசையும். நீங்க பாத்ததில்லீங்களா?”

“இல்லீங்க.”

“நான் பாத்திருக்கறேன்” என்று சொல்லி, அழகம்மை அடுத்த கொடிக்குப் போனார்.

செங்கோடர் புது ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பினார். பாவாயிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நீ சொல்லு, அம்மணி. நான் எழுதறேன்.”

அவள் சொன்னாள். படிப்பு வாசனை இல்லாதவள், ஒரு சீர் பிசகாமல் சொன்னாள். பொய்யும் மோதிரமும் வந்தன. பறையும் மழையும் வந்தன. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழாமல் எழுத அவரால்தான் முடியவில்லை.

ஐந்து பேரைக் கேட்கும் பாட்டில் ஒரு பெயரைச் சொன்னதும் அவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அதை அழிச்சிருங்க, சாமி. அது எங்கூர்க்காரரு பேரு. வாய் தவறி வந்துருச்சு.”

ஓலையில் கீறினதை எங்கே அழிப்பது? செங்கோடர் வேறு ஓலை எடுத்தார்.

உச்சி சாய்ந்த பிறகு பத்தொன்பதும் முடிந்தது. கரிப்பொடியை எண்ணெயில் குழைத்து ஓலைமேல் தேய்த்தார். வெறும் கீறலாக இருந்தது கறுத்து எழுத்தாகத் தெரிந்தது. பாவாயி குனிந்து பார்த்தாள்.

“அவ பேர் சொல்லிக் கேக்கற எடம் எதுங்க?”

காட்டினார். அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டிக்கொண்டது.

செங்கோடருக்கு மனசு கேட்கவில்லை. பழக்கம் லேசில் போகுமா?

“கடைசியில ஒரே ஒரு பாட்டு சேத்தட்டுமா, அம்மணி? அவளுக்கு எப்பவோ ஒரு நாள் நியாயம் கெடச்சுதுன்னு?”

பாவாயி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே யோசித்தாள்.

“வேண்டாமுங்க, சாமி. நாளைக்கு இதையே திருப்பி வாசிங்க. அந்த எடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி வாசிங்க. முன்னால வாசிச்சவரு அவசரப்படுவாரு. அவங்க ரண்டு பேருக்கும் வயசாயிருச்சு. அழுகறதுக்கு நேரமாகும்.”