பிரிவுபசாரத்துக்கு ஒரு பூட்டு

உயர் நீதிமன்றக் கேண்டீனில் டீயைவிடத் தீர்ப்பு விமர்சனம்தான் சூடாக ஓடும். பொறுக்குமா நீதிபதி மகுடபதிக்கு? "என் தீர்ப்பைப் பத்தி இங்க எவன் வாயைத் திறந்தாலும் உடனே கடையைப் பூட்டிடணும். இல்லேன்னா உன் குத்தகை ரத்து" என்று கேண்டீன் நடத்தும் மாரக்காளை மிரட்டிவிட்டுப் போனார்.

அவருடைய பிரிவுபசார விழாவும் அங்கேயே நடந்தது. மூத்த வக்கீல் மைக்கைப் பிடித்து, "ஐயாவின் தீர்ப்புகள் இருக்கின்றனவே..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மாரக்காள் பூட்டோடு வந்து நின்றாள்.

"எல்லாரும் எந்திரிங்க, கடையைப் பூட்டணும்."

நீதிபதி பதறினார். "அவர் புகழத்தானேம்மா போறார்?"

"புகழ்ந்தா பரவாயில்லைன்னு ஐயா அன்னைக்குச் சொல்லலீங்களே."

புகழுரை கேட்காமல் வீட்டுக்குப் போக அவருக்கு மனசில்லை. "சரி, தடை நீங்கியது. யார் வேணும்னாலும் பேசலாம்" என்றார்.

அவ்வளவுதான். அவரிடம் வழக்கில் தோற்ற வக்கீல்கள் அத்தனை பேரும் மைக்குக்கு வரிசை கட்டினார்கள். மாரக்காள் பூட்டை வைத்துவிட்டு, இன்னொரு குண்டான் பாலை அடுப்பில் ஏற்றினாள்.