காத்தாயி வாசல் பானை

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. நீலக்குன்றுக்குக் கீழே, இன்று பெயர்கூட மிஞ்சாத ஒரு நாட்டை மாறவேள் என்ற ராசா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் எதையும் எண்ணிப் பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அவன் ஊரில் நாலு பேர் வைத்தியம் பார்த்தார்கள். நாகப்பர், திருமேனியார், சோமண்ணர் என்று மூன்று வைத்தியர்கள். நாலாவது, காத்தாயி என்ற மருத்துவச்சி. இவர்களில் யார் கெட்டிக்காரர் என்று ராசாவுக்குத் தெரிந்தாக வேண்டும். நாலு வாசலிலும் ஆளுக்கொரு பானை வைத்தான். வைத்தியம் பார்த்தும் ஒருவர் இறந்துபோனால், அந்த வாசல் பானையில் ஒரு கறுப்புக் கல். வருஷ முடிவில் கல் குறைந்தவருக்குத் தங்கக் காப்பு. கல் நிறைந்தவர் நாட்டை விட்டே போக வேண்டும்.

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

முதல் மாதம் மூன்று வைத்தியர்களும் ராப்பகலாக உழைத்தார்கள். இரண்டாம் மாதம், நோய் முற்றியவர் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் புத்தி இன்னும் நன்றாக வேலை செய்தது. பிழைக்கமாட்டார் என்று தோன்றியவரைக் கட்டிலோடு தூக்கிக் காத்தாயி வாசலில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

அவளோ ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. "வந்துட்டாங்க, பார்ப்போம்" என்பாள். பாதிப் பேரைப் பிழைக்க வைத்தாள். மீதிப் பேருக்குக் கடைசி மூச்சு வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிழைத்தவர் நடந்து வீட்டுக்குப் போனார், அதற்குக் கல் கிடையாது. இறந்தவருக்கு மட்டும் கல் விழுந்தது. வருஷம் முடிய பத்து நாள் இருக்கும்போதே அவள் பானை விளிம்பு வரை நிறைந்துவிட்டது. மற்ற பானைகளில் ஈ விளையாடியது.

காத்தாயி மூட்டை கட்டத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ராணி செங்கமலம் காய்ச்சலில் விழுந்தாள். நினைவே தப்பிவிட்டது.

ராசா நாகப்பருக்கு ஆள் அனுப்பினான். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். திருமேனியாருக்கு அனுப்பினான். அவருக்குக் கண் மங்கிவிட்டதாம். சோமண்ணர் ஊரிலேயே இல்லையாம். அதை அவரே கதவுக்குப் பின்னால் நின்று சொல்லி அனுப்பினார்.

ராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தானே காத்தாயி வீட்டுக்கு ஓடினான். "அம்மா, நீங்கதான் வரணும்" என்றான்.

"வர்றேன் ராசா. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. இன்னொரு கல்லு விழுந்தாலும் விழும்" என்றாள். கட்டின மூட்டையை அவிழ்த்து மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏழு நாள் ராணியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. எட்டாம் நாள் காலையில் ராணி கண் திறந்து கஞ்சி கேட்டாள். ராசா எல்லார் முன்னிலையிலும் காத்தாயியின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான்.

கல் எண்ணும் நாள் வந்தது. ராசா மூன்று வைத்தியர்களையும் அழைத்து உண்மையைக் கேட்டான். "கல்லுக்குப் பயந்துட்டோம் மகாராசா" என்றார் நாகப்பர், தலையைக் குனிந்துகொண்டு.

"பானையை வச்சவன் நான். வச்சுட்டு ஒரு நாளாவது வந்து எட்டிப் பார்த்தேனா? முதல் தப்பு என்னுது. இனிக் காப்பும் கிடையாது, நாட்டை விட்டுப் போறதும் கிடையாது" என்றான் ராசா.

பிறகு தண்டோரா போட்டு, காத்தாயி பிழைக்க வைத்தவர்களை வரச் சொன்னான். ஆளுக்கொரு பிடி நெல்லோடு வந்தார்கள். வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. நெல்லைப் போடுவதற்காகக் காவலாளி பானைக் கல்லைக் கொட்டப் போனான். காத்தாயி தடுத்தாள். "இருக்கட்டும்பா. அவங்களும் என்கிட்ட வந்தவங்கதான்" என்றாள். நெல்லைத் தரையில் குவித்தார்கள். பானையே மறைந்துபோயிற்று.

அன்று முதல் ராசா மாதம் தவறாமல் நாலு வீட்டுக்கும் போய், நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தான். சோமண்ணர் வீட்டுக் கதவுகூடத் திறந்தே கிடந்தது.

அந்த வரிசையில் நொண்டிக்கொண்டே வந்த குயவர் ஒருவர் எங்கள் வம்சத்து மூத்தவர். அவரைக் கட்டிலோடு கொண்டுவந்து இறக்கிய அன்று காத்தாயி கதவை அடைத்திருந்தால், இந்தக் கதையைச் சொல்ல நான் ஏது? அதனால் எப்போது சொன்னாலும் அவள் இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

பிறர் வேலையை எண்ணி மட்டும் மதிப்பிடாதே. நேரில் போய்ப் பார்த்து, அதனால் வாழ்ந்தவர்களையும் கேட்டு மதிப்பிடு.