பதினாலு பேருக்கும் இருபது

"கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா சிஸ்டர்?"

கேட்டவள் பெனிலா. நர்சிங் கடைசி வருஷம். முதல் வேலைக்கு விண்ணப்பிக்க இன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி. பயிற்சியில் செய்ததையெல்லாம் எழுதிய லாக் புக்கில் வார்டு சிஸ்டர் சூசையம்மாள் கையெழுத்து இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள்.

"மாட்டேன்."

நாலு வருஷம் படுக்கை விரித்து, வாந்தி அள்ளி, நின்று நின்று கால் வீங்கியவளுக்குக் கோபம் வராதா? வந்தது.

"எல்லாருக்கும் போட்டீங்க. என்னை மட்டும் ஏன் பழிவாங்குறீங்க? அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?"

சூசையம்மாள் அவள் காலையில் எழுதிய சார்ட்டுகளை மேசையில் வீசினார். பதினாலு நோயாளிகள். காய்ச்சல் ஆளுக்கொன்று, நாடி ஆளுக்கொன்று. மூச்சு மட்டும் அத்தனை பேருக்கும் நிமிஷத்துக்கு இருபது.

"ஏன்டி, எல்லாரும் பேசி வச்சுக்கிட்டா மூச்சு விடுறாங்க?"

பெனிலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"சீனியர் சொல்லிக் கொடுத்ததே அதுதான். ஒரு நிமிஷம் முழுசா நின்னு யாரு சிஸ்டர் மூச்சை எண்ணுறா?"

சூசையம்மாள் அவள் கையைப் பிடித்து ஆறாம் கட்டிலுக்கு இழுத்துப்போனார். லாரி டிரைவர் காதர் மொய்தீன், ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கண்மூடிக் கிடந்தார்.

"எண்ணு."

"மணி நாலாகப் போகுது சிஸ்டர்!"

"எண்ணுடி!"

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். இருபது வந்தபோது அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. நிமிஷம் முடியும்போது முப்பத்தெட்டு.

"டாக்டர்!" என்று கத்தினாள். தலைமாட்டை உயர்த்தினாள். ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தாள்.

டாக்டர் ஓடிவந்து சார்ட்டைப் புரட்டினார். "காலையில நல்லாத்தானே இருந்திருக்காரு? இருபதுன்னு போட்டிருக்கே?"

சூசையம்மாள் பெனிலாவைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர்," என்றாள் பெனிலா. "நான் எண்ணவே இல்ல."

டாக்டர் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. காதர் மொய்தீனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து சூசையம்மாள் பேனாவைத் திறந்தபடி அவளைத் தேடி வந்தார். பெனிலா ஒன்பதாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வாட்சைப் பார்த்தபடி நின்றிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"நாலே முக்கால் ஆச்சு. நோட்டைக் கொடு, போட்டுத் தர்றேன்."

"பேசாதீங்க சிஸ்டர்! எண்ணிக்கை விட்டுப்போகும்."