குளத்துத் தண்ணீரும் மயிலின் அறிவிப்பும்

ஒரு காட்டில் கரடி ஒன்று ஊராட்சித் தலைவராக இருந்தது. கரடி சொல்வதைக் காட்டுக்கு அறிவிப்பது மயிலின் வேலை.

ஒரு கோடையில், குளத்துக்கு வரும் ஓடையில் ஒரு காட்டெருமை செத்து அழுகிக் கிடந்தது. கரடி மயிலைக் கூப்பிட்டது.

“குளத்துத் தண்ணீர் கெட்டுவிட்டது. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கச் சொல். உடனே போ!”

மயில் குளக்கரைப் பாறையில் ஏறித் தோகையை விரித்தது. தாகத்தோடு வந்த விலங்குகள் நின்றன.

“பெருமதிப்பிற்குரிய தலைவர், தேனடைகளின் காவலர், கருணைக்கடல் கரடியார் அவர்களின் பொற்கால ஆட்சியிலே...”

“விஷயத்தைச் சொல்லுங்க அண்ணே! பிள்ளைக்கு நாக்கு வறளுது!” என்றது குட்டியோடு வந்த முயல்.

“பொறு தங்கச்சி! எதற்கும் ஒரு முறை இருக்கிறது!”

அந்த வழியாக வந்த கரடியின் காதில் தன் பெயர் விழுந்தது. உடனே அது குளத்தை அடியோடு மறந்துவிட்டது.

“அந்தக் கருணைக்கடலை இன்னொரு தடவை சொல்!” என்றது.

மயில் சொன்னது. கரடியின் அப்பா, தாத்தா புகழையும் சேர்த்துச் சொன்னது. மான்கள் கொட்டாவி விட்டன. குரங்குகள் பேன் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாகக் குளத்தில் இறங்கிக் குடித்தன. முயல்குட்டியும் குடித்தது.

பேசிப் பேசி மயிலுக்கும் தொண்டை வறண்டது. பாறையிலிருந்து இறங்கி நாலு மடக்குக் குடித்தது. திடீரென்று அலறியது.

“ஐயையோ! இதைத்தானே குடிக்க வேண்டாம் என்று சொல்ல வந்தேன்!”

அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களால் காட்டில் ஒரு புதர் கூடக் காலியாக இல்லை. மயில் மூன்று புதர் மாறியது.

முயல்குட்டி மட்டும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தது. தாய்முயல் ஊற்றுத் தண்ணீரை இலையில் மொண்டு வந்து சொட்டுச் சொட்டாகப் புகட்டியது. மறுநாள்தான் குட்டி காதை ஆட்டியது. உடனே தாய்முயல் கரடியின் குகைக்கு ஓடியது.

“உங்க தாத்தா பேர் வரைக்கும் கேட்டோமே தலைவரே! தண்ணி கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டோமா? என் பிள்ளை போயிருந்தா என்ன செய்வீங்க?”

கரடி தலை குனிந்தது. பக்கத்தில் நின்ற மயில் தோகையை மடக்கிக்கொண்டது. கரடியே ஓடையில் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு எருமையை இழுத்துப் போட்டது.

சில நாளில் காட்டில் தீப் பிடித்தது. மயில் மரத்தின் உச்சிக்குப் பறந்தது. “பெருமதிப்...” என்று வாய் திறந்து, சட்டென்று விழுங்கிக்கொண்டது.

“தீ! தீ! ஆற்றைத் தாண்டுங்கள்!”

எல்லா விலங்குகளும் ஓடி அக்கரை சேர்ந்தன. கடைசியாக நனைந்து வந்த கரடி மயிலின் காதருகே முணுமுணுத்தது.

“என் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருப்பேன் தலைவரே! கேட்கத்தான் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்!”

நீதி: ஆபத்தை அறிவிப்பவர் முதலில் ஆபத்தைச் சொல்ல வேண்டும், புகழ்ச்சி காத்திருக்கும், உயிர் காத்திருக்காது.