புறக்குடிப் பிள்ளைகள் அவைக்கு வந்த பகல்

அரசவைக் கதையென்றால் அரசன் வருவான், அமைச்சர் வருவார், பொறாமையில் வேகும் பெரிய மனிதர் ஒருவரும் தவறாமல் வருவார். ஊரே வேலைக்குப் போனபின் ஊரார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் மட்டும் வருவதில்லை. இந்தக் கதையில் வருகிறாள். பெயர் சீரங்காயி.

முன்னொரு காலத்தில் மணிமாடபுரியைக் கோதண்டவர்மன் ஆண்டுவந்தான். காலையில் யானைக்குப் பட்டம் கட்டுவான். மாலையில் அதே யானையை விற்றுவிடச் சொல்வான். ஆனாலும் அவன் நகரம் வளர்ந்தது. பத்தே ஆண்டுகளில் தறிகள் மும்மடங்காயின. சாயச்சாலைகளும் வெண்கலப் பட்டறைகளும் ஆற்றங்கரை நெடுகப் பெருகின. அங்கே பண்டகசாலை கட்டலாமா என்று பார்த்துப்போகக் கடல்கடந்த வணிகர்கள் வருவதாக ஓலை வந்தது.

"நம் நகரத்தின் பலம் எது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்," என்றான் அரசன்.

நகரத் தலைவர் வல்லபராயர் எழுந்தார். "மதிலுக்குள் வாழும் நம் தொழிலாளர்கள்தான், பிரபு. வெளியே புறக்குடி என்றொரு சோம்பேறிக் குடியிருப்பு இருக்கிறது. உச்சிவேளையில் நானே போய்ப் பார்த்தேன். கிழடுகளும் குழந்தைகளும் தவிர வேலைசெய்யும் கை ஒன்றுகூட இல்லை. அகற்றிவிட்டு மாந்தோப்பு வைத்தால் கண்ணுக்காவது குளிர்ச்சி."

"பௌர்ணமிக்குள் அகற்று," என்றான் அரசன், வெற்றிலையை மென்றபடி.

அரசன் ஆணையைப் புறக்குடியில் முரசறைந்தவன் போனதும், அங்கே பிள்ளை பார்க்கும் சீரங்காயி தூளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று பிறந்தது ஒன்றுமில்லை; அத்தனையும் அவளை ஆத்தா என்றுதான் அழைத்தன. குடிசை போனால் வேறு கட்டிக்கொள்ளலாம். துரத்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு திசையில் போவார்களே, அதற்கு என்ன செய்வது?

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தாய்மார்கள் இன்னொன்றும் சொன்னார்கள். "வணிகர் முன்னால் எங்களையெல்லாம் நிறுத்தப் போகிறார்களாம், ஆத்தா. மதிலுக்கு வெளியே இருந்து வருகிறோம் என்று வாயைத் திறந்தால் மறுநாள் வேலை கிடையாது என்கிறார் ராயர்."

"நீங்கள் திறக்க வேண்டாம்," என்றாள் சீரங்காயி.

வணிகர் வந்த நாளில் அவையில் தொழிலாளர்கள் இரவல் பட்டு உடுத்தி வரிசையாக நின்றார்கள். இடுப்பில் ஒரு கைக்குழந்தையும், சேலையைப் பற்றிக்கொண்டு நடக்கும் ஆறு பிள்ளைகளுமாகச் சீரங்காயி உள்ளே வந்தாள்.

"யாரம்மா நீ?" என்றான் அரசன்.

"புறக்குடிச் சோம்பேறி, மகாராசா. எங்கள் ஊரில் உழைக்க ஆளில்லை என்று ராயர் சொன்னார். இருக்கிறார்கள் என்று இந்தப் பிள்ளைகள் காட்டுவார்கள். காட்டிவிட்டால் ஊரும் இருக்க வேண்டும், எவர் வேலையும் போகக் கூடாது."

"காட்டாவிட்டால்?"

"முதல் கூரையை நானே பிரித்துத் தருகிறேன்."

அரசனுக்குப் பந்தயம் என்றால் உயிர். வாக்குக் கொடுத்தான்.

"பால்மணம் மாறாததுகள்தான் சாட்சியா?" என்று சிரித்தார் வல்லபராயர்.

"அதனால்தான் கூட்டிவந்தேன் சாமி. பொய் சொல்ல இதுகளுக்கு இன்னும் யாரும் கற்றுத்தரவில்லை."

இடுப்பிலிருந்த குழந்தை பசித்து அழுதது. வரிசையில் நின்ற சாயக்காரி ஒருத்தி உத்தரத்தையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். ஆனால் அவள் மார்பில் இரவல் பட்டு நனைந்தது. வணிகர்களில் மூத்தவர் அதைக் கண்டு தலைகுனிந்துகொண்டார். சீரங்காயி நடந்துபோய்க் குழந்தையை அவளிடமே கொடுத்தாள்.

பிறகு மற்றப் பிள்ளைகளை நோக்கி, "போங்கள் கண்ணுகளா," என்றாள்.

ஒருவன் வெண்கல வார்ப்பில் பேர்பெற்ற கொல்லனின் காலைக் கட்டிக்கொண்டான். ஒருத்தி பட்டு நெய்பவளின் மடியைப் பிடித்து இழுத்தாள். இப்படியே ஐந்து பிள்ளைகளும் வரிசைக்குள் போய்விட்டன. கடைசிச் சிறுமி மட்டும் நேரே அரியணையை நோக்கி நடந்தாள்.

"பார்த்தீர்களா, பலம் எங்கே என்று குழந்தைக்கே தெரிகிறது," என்றார் வல்லபராயர் அவசரமாக. அரசனும் மகிழ்ந்து கைகளை நீட்டினான். சிறுமி அந்தக் கைகளுக்கு அடியில் குனிந்து, அரியணைக்குப் பின்னே போனாள்.

காற்று நின்றது. அரசன் திரும்பிப் பார்த்தான். ஆறு ஆண்டுகளாகத் தனக்குச் சாமரம் வீசியவளின் முகத்தை அன்றுதான் பார்த்தான். மகள் அவள் கழுத்தைக் கட்டியிருந்தாள்.

"நீயும் புறக்குடியா?"

"ஆமாம், மகாராசா."

"ராயரே, உச்சிவேளையில்தானே போய்ப் பார்த்தீர்?"

"எங்களைப் பார்க்க வேண்டுமானால் விடியலில் வந்திருக்க வேண்டும், சாமி," என்றாள் சீரங்காயி. "உச்சிவேளையில் நாங்கள் உங்கள் வீட்டில் அல்லவா இருப்போம்."

ஒரு மாதம் புறக்குடியில் தூளி ஆட்டும்படி வல்லபராயருக்கு அரசன் ஆணையிட்டான்.

"வேண்டாம், பிள்ளைகள் பயந்துகொள்ளும்," என்றாள் அவள். ஆகவே அவர் தினமும் விடியலில் கோட்டை வாசலில் நின்று, வேலைக்கு வருகிறவர்களைப் பேர்சொல்லி வரவேற்க வேண்டியதாயிற்று. நாற்பது நாளில் எல்லார் பேரும் அவருக்கு மனப்பாடம்.

வணிகர்கள் பண்டகசாலை கட்டினார்கள். அரசன் பரிசாக நீட்டிய முத்துமாலையைச் சீரங்காயி வாங்க மறுத்து, வாசலோரம் ஓடு வேய்ந்த கூடம் ஒன்று கேட்டாள். தாய்மார்கள் மதியத்தில் வந்து பாலூட்டிப் போனார்கள்.

அதன்பின் பதினேழு ஆண்டுகள் அவள் அந்தக் கூடத்தில் பிள்ளை பார்த்தாள். கால் விழுந்த பிறகு, அவள் வளர்த்தவர்கள் முறைவைத்துச் சோறு ஊட்டினார்கள். ஒரு சித்திரை மாதத்தில், வயிறு நிறைந்து, பகலில் தூங்கும்போது இறந்துபோனாள்.