பெருநாகன் வாசலில் கவிழ்ந்த பாத்திரம்

கதை கேட்க வந்தவர்களே, கையில் வேலை இருந்தால் செய்துகொண்டே கேளுங்கள். காது மட்டும் என்னிடம் இருந்தால் போதும். கடலோரப் பட்டினங்களில் பிக்குகள் வாழ்ந்த காலத்துக் கதை இது. சங்குத்துறை என்ற பட்டினத்தில் பெருநாகன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான்.

நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கதையில் நீங்கள் அவனைச் சந்தேகப்படுவீர்கள். கள்ள எடை போடாதவன், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவன், வயதான தகப்பனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவன்.

ஊருக்கு வெளியே அரசமரத்தடியில் ஒரு விகாரம் இருந்தது. அங்கே இருந்த பிக்குகள் ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா கிடந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்றது அங்கே. காய்ச்சலுக்குக் கஷாயம் வாங்கியது அங்கே. அண்ணன் தம்பி பாகச் சண்டை தீர்ந்ததும் அங்கே.

விடிந்ததும் பிக்குகள் பாத்திரம் ஏந்தி வரிசையாக வருவார்கள். வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் தலை குனிந்து சற்று நிற்பார்கள், போட்டால் வாங்குவார்கள், போடாவிட்டால் அடுத்த வாசலுக்குப் போவார்கள். விகாரத்துக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பகிர்ந்து உண்பார்கள்.

பெருநாகனின் தகப்பன் பூதனார், தன் கையால் ஓர் அகப்பை சோறு போடாமல் ஒரு நாளும் வாயில் தண்ணீர் ஊற்றியதில்லை. இப்போது கிழவருக்குக் கால் விழுந்துவிட்டது, பார்வையும் மங்கிவிட்டது. அகப்பை மகன் கைக்குப் போயிற்று. ஆனாலும் பூதனாருக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது.

"நாகா, சாகறதுக்குள்ள இன்னும் ஒரு அகப்பை என் கையால போட்டுடணும்டா. ஒரு நல்ல நாளாப் பார்த்துக் கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போடு."

நல்ல நாளும் வந்தது. கட்டில் வாசலுக்கு வந்தது. சோற்றுப் பானை கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. பிக்குகளும் வந்தார்கள்.

வந்தவர்கள் நிற்கவில்லை. அவர்கள் வரும் வழியில் முதல் வாசல் பெருநாகனுடையது, பாத்திரங்கள் இன்னும் காலிதான். பெருநாகன் வீட்டுக்கு நேராக வந்ததும் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அடுத்த வீட்டை நெருங்கியதும் நிமிர்த்திக்கொண்டார்கள்.

பெருநாகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வரிசையின் கடைசியில் வந்த மூத்தவர் சோமநந்தித் தேரர் மட்டும் நின்றார். அவருடைய பாத்திரமும் கவிழ்ந்துதான் இருந்தது.

"உபாசகரே, சங்கம் கூடி முடிவு எடுத்திருக்கிறது. இனி உங்கள் கையால் எதையும் வாங்க மாட்டோம். உங்கள் அகப்பை சங்கத்தை இரண்டாக்கிவிட்டது."

"என் அகப்பையா? சாமி, நான் சோறுதானே போட்டேன்!"

"ஆம், சோறுதான் போட்டீர்கள்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பெருநாகனுக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும்.

கட்டிலிலிருந்து கிழவர் கேட்டார்: "கால் சத்தம் கேட்டுதே நாகா. ஏன் நிக்கல?"

"அது வழிப்போக்கருங்கப்பா. சாமிங்க இன்னைக்கு வேற தெருவுக்குப் போயிட்டாங்க."

தகப்பனிடம் அவன் சொன்ன முதல் பொய் அது. பாத்திரம் கவிழ்ந்ததைவிட அந்தப் பொய்தான் அன்று முழுக்க அவன் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

சோறு சரியில்லையோ என்று முதலில் நினைத்தான். மறுநாள் புது அரிசி, பசு நெய், வாழைப்பழம், பால் பாயசம் எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிக்குகள் வந்தார்கள், பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள், போனார்கள். கிழவர் கேட்டார், மகன் இன்னொரு பொய் சொன்னான். பாயசத்தைத் தெருநாய்கள் நக்கின.

கொடுத்தது போதவில்லையோ என்று அடுத்து நினைத்தான். மழைக்காலம் நெருங்குகிறதே, விகாரத்துக் கூரை ஒழுகுமே என்று வண்டி வண்டியாக ஓடு அனுப்பினான். போன வண்டிகள் போன சுமையோடு திரும்பி வந்தன. கிழவர் கேட்டார், மகன் மூன்றாவது பொய் சொன்னான்.

அவன் மனைவி செள்ளை தலையில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க அந்த உத்தர சாமிகிட்டயாவது போய்க் கேக்கக் கூடாதா? அவருக்குத்தானே விழுந்து விழுந்து செஞ்சீங்க!"

உத்தரர் இளம் பிக்கு. அறம் சொல்ல வாய் திறந்தால் கல்லும் எழுந்து உட்காரும். பெருநாகன் அவர் குரலில் மயங்கிப் போயிருந்தான். அகப்பை பிடித்த நாள் முதல் மற்றவர் பாத்திரத்தில் சோறு போடுவான், உத்தரர் பாத்திரத்தில் நெய்ச்சோறும் பலாச்சுளையும் வைப்பான். உத்தரருக்கு அடுத்து வருபவர் பூரணர். விகாரத்து முற்றம் பெருக்குகிறவர், திக்குவாய். அவர் பாத்திரத்தில் சோறு விழும்போது பெருநாகனின் கண் உத்தரரின் முதுகோடு போய்க்கொண்டிருக்கும். பாதிச் சோறு வெளியேதான் விழும். பூரணர் குனிந்து பொறுக்கிக்கொள்வார். ஊரில் பெரிய வீடு செய்வதைத்தானே தெரு செய்யும்? மற்ற வீட்டாரும் தங்களுக்குப் பிடித்த பிக்குவைப் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்தார்கள்.

இதில் என்ன தப்பு? ஒருவர் மேல் அன்பு வைப்பது தப்பா? எனக்கே இதைச் சொல்லும்போது கொஞ்சம் குழம்பத்தான் செய்கிறது. பெருநாகனுக்கோ, தப்பு இந்தப் பக்கம் இருக்கிறது என்றே தோன்றவில்லை.

உத்தரரிடம் போகவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே மூன்றாவதாக ஒரு தந்திரம் செய்தான். தகப்பனைக் கட்டிலோடு தூக்கிப்போய் அடுத்த வீட்டு வாசலில் வைத்தான். தன் வீட்டுப் பானையையே கொண்டுபோய் வைத்தான். அடுத்த வீட்டுக்காரனும் நல்ல மனிதன், சரி என்றான். கிழவருக்குத்தான் பார்வை மங்கலாயிற்றே, எந்த வாசல் என்று எங்கே தெரியப்போகிறது?

பிக்குகள் வந்தார்கள். பாத்திரங்கள் நிமிர்ந்திருந்தன. பூதனார் அகப்பையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"நாகா, நம்ம வாசல்ல வேப்பம்பூ வாசம் வருமே. இது யார் வாசல்?"

மகன் பானையைக் கிழவரின் கைப்பக்கம் இன்னும் நகர்த்தினான்.

"அவங்க நம்ம வாசலுக்கு வர்றதில்லையா?"

"இல்லப்பா."

கிழவர் அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டார். "அப்போ நான் திருடிக்கிட்டா சோறு போடணும்? என்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ." அன்று முழுக்க அவர் கஞ்சியும் குடிக்கவில்லை, மகனை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை.

திட்டாததுதான் பெருநாகனுக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை மேல்துண்டைக்கூட எடுக்காமல் விகாரத்துக்கு நடந்தான். இன்று இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று கோபமாகத்தான் போனான்.

உண்ணும் கூடத்தில் கால் வைத்தவன் திகைத்து நின்றான். ஒரே வரிசையாக உட்கார்ந்து உண்ட கூடத்தின் குறுக்கே பிக்குகள் உடுத்தும் சீவரத் துணியைக் கட்டித் திரை போட்டிருந்தார்கள். திரைக்கு ஒரு பக்கம் உத்தரரின் பேச்சை விரும்புகிறவர்கள், நெய் மின்னும் பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் மற்றவர்கள், வெறும் சோற்றோடு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும் பெரிய அண்டா ஒரு மூலையில் ஒட்டடை பிடித்துக் கிடந்தது. நெய்ப் பக்கத்தில் உத்தரர் கையைச் சோற்றில் வைத்தபடி உண்ணாமல் உட்கார்ந்திருந்தார்.

திரை முடியும் இடத்தில், நடுவில், ஒரு பாய். எந்தப் பக்கமும் சேராத சோமநந்தித் தேரர் அதில் காய்ச்சலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. அவரை அந்தப் பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று இந்தப் பக்கத்தார் இருந்தார்கள். இந்தப் பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தப் பக்கத்தார் இருந்தார்கள்.

"தண்ணீர்," என்றார் தேரர்.

பெருநாகன் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து அவர் வாயருகே நீட்டினான். அவர் கண் திறந்து யார் என்று பார்த்தார். மெல்லத் தலையை அசைத்தார்.

"உங்கள் கையால் வேண்டாம், உபாசகரே. சங்கத்தின் முடிவை நானே மீறலாமா?"

கையில் தண்ணீர் இருக்கிறது. எதிரே தாகத்தில் ஒருவர் கிடக்கிறார். கொடுக்க முடியவில்லை. ஊருக்கே அள்ளிக் கொடுத்தவன் அந்தச் செம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அழுகைதான் வந்தது.

"யாராவது வாங்க! ஐயோ, எந்தப் பக்கமா இருந்தா என்ன, யாராவது வாங்களேன்!" என்று கத்தினான்.

திரையின் இந்தப் பக்கத்திலிருந்து உத்தரர் ஓடிவந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பூரணர் ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் திரை அறுந்து விழுந்தது. செம்பை யார் வாங்குவது என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஒருவர் தேரரின் தலையைத் தாங்கினார், மற்றவர் தண்ணீரைப் புகட்டினார். எது யாருடைய கை என்று பெருநாகன் கவனிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் யார் முகத்தையும் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தான்.

பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. தான் ஒருவர் பாத்திரத்தில் வைத்த நெய், இன்னொருவர் மனத்தில் புகையாகியிருந்தது. அன்பு என்று நினைத்துத் தான் போட்டதெல்லாம் இந்தத் திரையில் ஓர் இழையாகச் சேர்ந்திருந்தது. அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டான்.

"சாமி, நான் சங்கத்துக்குச் சோறு போடல. எனக்குப் பிடிச்ச குரலுக்குப் போட்டேன். தப்புதான்."

காய்ச்சல் இறங்கிய பிறகு தேரர் சங்கத்தைக் கூட்டினார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் சொல்லிக் கேட்பார்கள். சம்மதம் என்றால் எல்லாரும் பேசாமல் இருப்பார்கள், மறுப்பு உள்ளவர் மட்டும் பேசுவார்.

"பெருநாகனுக்குப் பாத்திரத்தை நிமிர்த்தலாமா?" என்று தேரர் ஒரு முறை கேட்டார். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். மறுமுறை கேட்டார். பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது பூரணர் தொண்டையைச் செருமினார். பெருநாகனுக்கு உயிர் போய்விட்டது. சிந்திய சோற்றையெல்லாம் பொறுக்கியவர் அவர்தானே! ஆனால் பூரணருக்குச் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவரும் பேசாமல் இருந்தார்.

மறுநாள் விடிந்தது. வேப்பம்பூ உதிரும் வாசலில் கட்டில், கட்டிலில் பூதனார், எட்டும் இடத்தில் பானை. அதே சோறு, எல்லாருக்கும் ஒரே சோறு. கால் சத்தம் தெருமுனையில் கேட்டது, நெருங்கியது, வாசலில் நின்றது.

கிழவர் அகப்பையைத் தூக்கினார். மகன் அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். சோறு ஒரு பருக்கை சிந்தாமல் பாத்திரத்தில் விழுந்தது. பூதனாரின் மங்கிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"நாகா, வந்து நிக்கறது யாருடா?"

பெருநாகன் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சங்கம் வந்திருக்குப்பா," என்றான்.

ஆகையால், கேட்டவர்களே, முகம் பார்த்துக் கொடுப்பவன் தன் ஆசைக்குத்தான் படைக்கிறான், பசிக்குக் கொடுப்பவன் நீளும் பாத்திரத்தை மட்டும் பார்ப்பான்.