ஒட்டுகிற வரைக்கும்

"டீச்சர், இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் எந்திரிக்கி. அந்தப் பக்கம் அடிச்சா இந்தப் பக்கம் எந்திரிக்கி. இது என்ன, என்கூட விளையாடுதா?"

பாக்கியநாதன் கையில் சுத்தியல். மேசையில், தந்தி கழற்றின கிட்டார்.

கிட்டார் கழுத்தில் ஏணிப்படி மாதிரி குறுக்கே பதித்திருக்கும் கம்பிக்கு ஃப்ரெட் என்று பேர். அதில் ஒன்று ரெண்டு முனையும் தூக்கிக்கொண்டு நின்றது. வாசித்தால் தந்தி அதில் போய் மாட்டும். விரலைக் கிழிக்கும்.

டீச்சர் மெர்ஸ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா, அண்ணாச்சி. இப்பத்தான் கண்ணை மூடுதா."

டீச்சருக்கு அவர் மகள் வயசுதான். வீட்டு முன்னறையில் கிட்டார் சொல்லிக்கொடுப்பாள், பழுதும் பார்ப்பாள். லேத் பட்டறையை மூடிவிட்டு அவளிடம் பழுது வேலை படிக்க வந்தவர் இவர். தெருவே சிரித்தது. "பாக்கியநாதன் டியூஷனுக்குப் போறாரு, வழியை விடுங்கல" என்று டீக்கடையில் கூவினார்கள்.

அதெல்லாம் அவருக்கு உறைக்காது. ஒரு இடத்தில் உட்காரத்தான் முடியாது. ஆள் நாற்காலியில் இருப்பார், கால் வாசலில் இருக்கும்.

"நல்ல கிட்டாராக்கும். எப்படி டீச்சர் இப்படித் தூக்குச்சு?"

"எங்க வச்சிருந்திய?"

"பீரோ மேல. எம் மவ ஹெலன் கல்யாணமாகிப் போன நாள்லேர்ந்து."

"யாரும் எடுத்துப் பாக்கலயா?"

"எடுத்து நாம என்னத்த வாசிக்க?"

"வெக்கையில கிடந்து மரம் காஞ்சிருக்கு. கம்பியைப் பிடிச்சு வச்சுக்கிட அதுக்கு முடியல."

அப்போது போன் அடித்தது. தொட்டிலில் ஒரு சிணுங்கல். அவர் அவசரமாக எடுத்தார்.

"ஆங், ஹெலன்... இல்லம்மா, வேலையா இருக்கேன்... சரி... சரிம்மா... எல்லாம் சரியாயிரும். வை, வை."

வைத்துவிட்டார்.

"என்னவாம், அண்ணாச்சி?"

"தெரியல. ஏதோ சொல்ல வந்தா." மறுபடி சுத்தியலை எடுத்தார். "கொஞ்ச நாளாவே பிள்ளை குரல் சரியில்ல. ஈஸ்டருக்கும் வரமாட்டேங்கா. ஏன்னு கேட்டா அழுதா. அதான், இதைச் சரிபண்ணி, நாளைக்கே மெட்ராஸுக்கு பஸ் ஏறி, அவ கையில கொடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்."

"எல்லாம்னா எது?"

அவர் கம்பியைப் பார்த்து ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அடித்த முனை இறங்கியது. அடுத்த முனை எழுந்தது. பிள்ளையும் எழுந்தது.

மெர்ஸ்லின் எழுந்து வந்தாள். சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கினாள். தொட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இனி வேணும்னா பிள்ளைகிட்டக் கேட்டு வாங்கிக்கிடுங்க."

கம்பியின் ரெண்டு முனைக்கு அடியிலும் பசையைச் சொட்டுவிட்டாள். ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்தாள்.

"இதை வச்சு ரெண்டு முனையையும் சேர்த்து அமுக்குங்க. அடிக்காதிய. அமுக்குனா போதும்."

"எம்புட்டு நேரம்?"

"ஒட்டுற வரைக்கும்."

"அதான், எம்புட்டு நேரம்?"

அவள் தொட்டிலுக்குப் போய்விட்டாள்.

பாக்கியநாதன் அமுக்கினார். கட்டைக்கு அடியில் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. அவருக்கு அது பொறுக்காது. லேசாகத் தூக்கிப் பார்த்தார். முனை ரெண்டும் தலையைத் தூக்கியது. பதறிப்போய்க் கட்டையைப் போட்டுவிட்டு, ரெண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார்.

பசை விரலுக்கு ஏறியது.

"டீச்சர்..."

"ஒட்டிட்டா?"

"ஒட்டிட்டு. நான் ஒட்டிட்டேன்."

மெர்ஸ்லின் வந்து பார்த்தாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பிய்ச்சிராதிய. தோலும் வந்துரும், கம்பியும் வந்துரும். அடுத்த வீட்டுல நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து இருக்கும், வாங்கிட்டு வாறேன்."

அவள் வாசல்படி தாண்டவில்லை, அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

தொட்டில் அசைந்தது. மெர்ஸ்லின் ஓடி வந்து பையிலிருந்து போனை உருவினாள். பேரைப் பார்த்தாள். பட்டனை அமுக்கி, அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிவிட்டுப் போனாள்.

"அப்பா, வச்சிராதிய."

"இல்லம்மா, நான் இப்ப..."

பழக்கத்தில் கை எழும்பியது. விரல் வரவில்லை. கிட்டார்தான் கூட எழும்பியது.

"நான் முடிச்சுக்கிடுதேன்ப்பா. நடுவுல ஒண்ணும் சொல்லாதிய."

சொன்னாள். அவள் புருஷன் வீட்டை விட்டுப் போய் மாசக் கணக்காகிறதாம். விட்டுட்டுப் போனவனை, வேலைக்குப் போயிருக்கிறான், வேலைக்குப் போயிருக்கிறான் என்று இவரிடம் பொய் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

"எத்தனை தடவை சொல்ல வந்தேன். சரியாயிரும்னு சொல்லி வச்சிருவிய. அப்புறம் அந்த வீட்டுல நானும் சுவரும்தான்ப்பா."

அவர் நாக்கு நுனியில் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றது. விழுங்கினார்.

நெற்றி வியர்வை மூக்கு வழியாக இறங்கி விரல்மேல் சொட்டியது. துடைக்கக் கையில்லை. மேசைக்கு அடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அது எப்போது நின்றதென்று அவருக்கே தெரியாது.

"அப்பா, இருக்கியளா?"

"இருக்கேன்."

அவள் அழுதாள். மகள் அழுது முடிப்பதை அவர் இதுவரை கேட்டதில்லை. அழுது முடித்ததும் மறுபடி பேசினாள். வீட்டில் தண்ணீர் தீர்ந்தது, பக்கத்து வீட்டுக்காரி கேட்ட கேள்வி, எல்லாவற்றையும்.

மெர்ஸ்லின் மருந்தில் நனைத்த பஞ்சோடு வந்தாள். குனிந்து பார்த்தாள். அவர் விரலை லேசாகத் தொட்டு அசைத்தாள். வியர்வையில் விரல் பசை மட்டும் இளகியிருந்தது.

"விரல் எப்பவோ விட்டிருச்சு, அண்ணாச்சி," என்றாள் கிசுகிசுப்பாக. "கம்பியும் உட்கார்ந்துட்டு. கையை எடுங்க."

போனில் ஹெலன் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

பாக்கியநாதன் விரலை எடுக்கவில்லை. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

"இன்னும் ஒட்டல, டீச்சர்."